ஏழாவது பூச்சு

முன்னொரு காலத்தில் நடந்ததல்ல. வேன்கள் ஓடுகிற காலத்தில்தான் நடந்தது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், ஹோப்பி மக்கள் வாழும் குன்றின்மேல் வெர்னா என்ற பெண்ணுக்கு ஒரு வீடு இருந்தது. கல்லை அடுக்கி, மண்ணைக் குழைத்துக் கட்டிய பழைய முறை வீடு. அங்கெல்லாம் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். தாயிடமிருந்து மகளுக்குப் போகும்.

அந்த வீட்டில் இரண்டு சுவர்கள் அக்கா தங்கைகளாக இருந்தன. அக்கா முன்சுவர், தெருவைப் பார்த்து நின்றது. தங்கை பின்சுவர், பள்ளத்தைப் பார்த்து நின்றது. தங்கையைத் திரும்பிப் பார்க்க மழையையும் காற்றையும் தவிர ஆளில்லை.

ஆண்டுதோறும் கோடையின் கடைசியில் ஒரு வேன் வரும். பதினெட்டுத் தன்னார்வலர்கள் இறங்குவார்கள். பழைய முறை வீடுகள் அழிந்துவிடக் கூடாது என்று எங்கிருந்தோ வருகிறவர்கள். நல்ல மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோல் உரியும், உள்ளங்கை கொப்புளிக்கும், முணுமுணுக்க மாட்டார்கள். பதினான்கு நாள் முன்சுவருக்கு மண் பூசுவார்கள். பிறகு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆறு வருஷத்தில் ஆறு பூச்சு. அவர்கள் பனியனில்கூட முன்சுவரின் படம்தான் போட்டிருந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. வெர்னாவுக்குப் பதினான்கு நாள். தன் வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்காரி சமைத்துப் போட வேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம். ஆட்டுக்கறியும் சோளமும் பெரிய அண்டாவில் மூன்று வேளையும் வெந்துகொண்டிருக்கும். வேன் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துக்கிடப்பாள். எழுந்தால் சோளம் உலர்த்தும் வேலை காத்திருக்கும். அது முடிவதற்குள் பனி வந்துவிடும். பின்சுவரைக் கவனிக்க அவளுக்கு ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை.

ஏழாம் வருஷமும் வேன் வந்தது. அன்று கூரையைத் தாங்கும் உத்தரம் பின்சுவரிடம் பேசியது.

“எனக்குக் கீழ இருக்கிற கல்லு ஆடுது.”

“தெரியும். என் இடுக்குல இருந்த மண்ணெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு. கல்லுமேல கல்லு சும்மா உட்கார்ந்திருக்கு.”

“இந்த வருஷப் பனி கூரைமேல குவிஞ்சா நான் தாங்க மாட்டேன். இறங்கிடுவேன். கீழ யாரு படுக்கப் போறான்னு தெரியுமில்ல?”

அதுவும் தெரியும். வெர்னாவின் மகள் மர்லீன் பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்கு ஒதுக்கியது அந்தப் பின்னறைதான்.

வெர்னா குழுத்தலைவர் கார்லிடம் போனாள். “பின்பக்கம் ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

கார்ல் காகிதத்தைப் புரட்டினார். “இந்த வருஷத் திட்டத்துல முன்சுவர்தாங்க இருக்கு. அடுத்த வருஷம் பின்சுவரைக் கண்டிப்பா சேர்த்துடறேன்.”

போன வருஷமும் இதையேதான் சொன்னார். வேலைக்கு வந்தவர்களோடு வாதாட வெர்னாவுக்கு மனம் வரவில்லை. உள்ளே கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, ஓடினாள்.

முன்சுவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அலுத்துவிட்டது.

“ஆறு சட்டைக்கு மேல ஏழாவதையும் மாட்டுற மாதிரி இருக்கு. மூச்சு முட்டுது.”

“அப்படிச் சொல்லாத அக்கா. அவங்க நல்ல மனசுக்காரங்க.”

“நல்ல மனசுதான். நல்ல மனசு கூரையைத் தாங்குமா?”

முன்சுவர்மேல் ஒட்டியிருந்த மண் குறுக்கே பேசியது. “நான் என்ன செய்ய? பூசின இடத்துல ஒட்டிக்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.”

“ஒட்டத் தெரியும். விடத் தெரியுமா?”

மண் தயங்கியது. “நான் விட்டா நீ வெறுங்கல்லா மழையில நிக்கணுமே!”

“நிக்கறேன். என் இடுக்குல மண்ணு கெட்டியா இருக்கு. அவளுக்கு ஒண்ணுமே இல்ல.”

பதினான்காம் நாள் ஏழாவது பூச்சும் முடிந்தது. சற்றுத் தள்ளி நின்று கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பொத்தென்று ஒரு சத்தம். ஏழு பூச்சும் சேர்ந்து சரிந்து சுவரடியில் குவிந்துவிட்டன. யாருக்கும் அடி இல்லை. ஒரு பெண் மட்டும் அழுதேவிட்டாள். பாவம், அவள் கையெல்லாம் கொப்புளம்.

“அடுத்த வருஷம் வந்து இன்னும் கெட்டியாப் பூசிடறோம்,” என்றார் கார்ல். வேன் போய்விட்டது.

வெர்னா மண்குவியலைப் பார்த்தாள். காலியான அண்டாவைப் பார்த்தாள். அந்த மண்ணை விட்டால் பின்னறையைக் காப்பாற்ற வேறு வழியில்லை. இடுப்பு வலித்தது, ஆனாலும் அந்த வருஷம் அவள் படுக்கவில்லை. அண்டாவில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். காய்ந்த மண் ஊறினால் மறுபடியும் புதுமண்தான்.

அடுத்த நாளே பின்சுவரின் ஒவ்வோர் இடுக்கிலும் மண்ணைத் திணிக்கத் தொடங்கினாள். மர்லீன் நிறைவயிற்றோடு உட்கார்ந்து சில்லுக்கற்களை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் உத்தரம் ஆட்டமில்லாமல் கண்ணயர்ந்தது.

பனி பெய்தது. கூரை நின்றது. அதன் கீழே ஒரு பெண்குழந்தை வீறிட்டு அழுதது.

மறுவருஷம் அதே வேன் வந்தது. பூச்சில்லாத முன்சுவரைக் கண்டதும் பதினெட்டுப் பேருக்கும் முகம் மலர்ந்தது. “நல்லவேளை, நமக்கு வேலை இருக்கு!” என்றார் கார்ல். வெர்னா பெருமூச்சு விட்டு அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

“அக்கா, மறுபடியும் வந்துட்டாங்க,” என்றது பின்சுவர்.

“வரட்டும். அவங்களை நான் பார்த்துக்கறேன். நீ கூரையைப் பிடிச்சுக்கோ.”