கரடி கேட்ட பரங்கிப் பூ

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரையில், ஒரு கரடியும் ஒரு முள்ளம்பன்றியும் பக்கத்துப் பக்கத்தில் தோட்டம் போட்டிருந்தார்கள். கரடியின் பெயர் சடையன். முள்ளம்பன்றியின் பெயர் முள்ளாண்டி. நடுவில் இலந்தை முள்ளால் கட்டிய வேலி. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சு நின்றது முள்ளாண்டி மகளின் கல்யாணத்தில். சடையனை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் இலைக்குப் பாயசம் வர வேண்டிய நேரத்தில் பாத்திரத்தின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம்தான் வந்தது. சடையன் இலையை மூடிவிட்டு எழுந்தான். மொய்யாக வைத்த கிழங்குகளைத் திரும்பக் கேட்கலாமா என்றுகூட யோசித்தான். அன்றிலிருந்து வேலிப் பக்கம் போக நேர்ந்தால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவான்.

சடையனுக்கு வயதாகிவிட்டது. கால் நகங்கள் தேய்ந்துவிட்டன. புற்றைத் தோண்டிக் கரையான் தின்பதுதான் கரடியின் பிழைப்பு. கோடையில் புற்று கல்லாக இறுகிவிடும். போன சித்திரையில் தோண்டித் தோண்டி விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். பட்டினியில் வயிற்றுத் தோல் தொங்கிப் போயிற்று. இன்னொரு கோடை அப்படிப் போனால் தான் எழுந்திருக்க முடியாது என்பது அவனுக்கே தெரியும்.

அதனால்தான் ஐப்பசி மழையில் பரங்கி விதை ஊன்றினான். முற்றிய பரங்கிக்காயைக் குகைக்குள் அடுக்கி வைத்துவிட்டால் கோடை முழுக்கக் கெடாது. நகமும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம்.

கொடி நன்றாக ஓடியது. மார்கழியில் பூத்தது. சடையன் தினமும் குனிந்து குனிந்து பார்த்தான். சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு இருந்தது. மற்றவை நீளக் காம்பில் வெறுமனே நின்றன. வெறும் பூக்கள்தான் அதிகம். சடையனுக்கு அவற்றைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. கொடியின் சத்தை உட்கார்ந்து தின்கிற கூட்டம் இது என்று முடிவு கட்டினான். அவற்றை மொட்டிலேயே கிள்ளி ஓடையில் போட்டான். பிஞ்சு வைத்த பூக்களை மட்டும் விட்டு வைத்தான்.

ஆனால் பிஞ்சுகள் நிற்கவில்லை. பூ வாடிய கொஞ்ச நாளில் பிஞ்சும் மஞ்சளித்தது. தொட்டால் கொழகொழ என்று கையோடு வந்தது. சடையனுக்கு உடனே வேலிக்கு அந்தப் பக்கம்தான் சந்தேகம் போனது. முள்ளாண்டி ஏதாவது செய்துவிட்டானோ என்று முள்ளுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். அங்கேயும் பிஞ்சுகள் அழுகி விழுந்து கிடந்தன. அன்று முழுக்க அவன் மனசு குளிர்ந்திருந்தது. பிறகு கோடை ஞாபகம் வந்தது. மனசு மறுபடி கனத்தது.

அந்தச் சமயத்தில் நல்லான் என்கிற நரி அந்தப் பக்கம் வந்தான். கோழி தேடி ஊருக்குள் போய்விட்டு வெறும் வாயோடு திரும்புகிறவன். சடையனை மாமா என்றுதான் கூப்பிடுவான். விழுந்து கிடந்த பிஞ்சை முகர்ந்து பார்த்துவிட்டு, தேனீ வராத கொடியில் பிஞ்சு எப்படி நிற்கும் என்று கேட்டான்.

சடையன் தலையைச் சொறிந்துகொண்டான். பாறைப் பொந்தில் இருந்த தேன்கூட்டை ராணியோடு சேர்த்துத் தின்றவன் அவன்தான். மிச்சம் இருந்த தேனீக்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. காட்டில் இது எல்லாருக்கும் தெரியும்.

"அந்தத் தேனீக்களுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றான் சடையன்.

நரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தான் ஊரில் பார்த்ததைச் சொன்னான். ஒரு வீட்டுக் கொல்லையில் கோழிக் கூண்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தபோது பார்த்தது அது. அந்த வீட்டுப் பெண் விடிந்ததும் பரங்கிக் கொடிக்கு வருவாளாம். பிஞ்சு இல்லாத பூ ஒன்றைப் பறிப்பாளாம். அதுதான் ஆண்பூ. இதழ்களைக் கிழித்துப் போட்டால் நடுவில் ஒரு தண்டு நிற்கும், அதன் மேல் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். பிஞ்சு வைத்த பூதான் பெண்பூ. அதன் நடுவில் இந்தத் தூளைச் சந்தனம் பூசுவது போலத் தடவிவிடுவாளாம். எல்லாம் வெயில் ஏறுவதற்குள் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு பூ மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அவள் வீட்டுக் கூரை தெரியாத அளவுக்குக் காய் கிடக்கிறது என்றான்.

சடையன் அப்போதே கொடியில் ஆண்பூ தேடினான். ஒரு மொட்டுகூட இல்லை. எல்லாவற்றையும் ஓடையில் போட்டுவிட்டோம் என்பதை மெல்லிய குரலில் சொன்னான்.

"மாப்பிள்ளைங்களை எல்லாம் ஆத்துல விட்டுட்டு, கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருக்கீங்களே மாமா" என்றான் நரி.

கொடியில் இலைகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. புதிதாக மொட்டு விட்டு ஆண்பூ வருகிற வரை கொடி தாங்காது. மிச்சம் இருந்தவை கொஞ்சம் பெண்மொட்டுகள்தான். வேலிக்கு அந்தப் பக்கமோ முள்ளாண்டியின் கொடி முழுக்க ஆண்பூ. போய்க் கேட்டு வாங்க வேண்டியதுதானே என்றான் நரி.

"அவன்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன். நீ போய் வாங்கிட்டு வா. ஆனா எதுக்குன்னு மட்டும் சொல்லிடாதே."

"ஏன் மாமா?"

"சொன்னா அவனும் தேய்ப்பான். எனக்கு ஒண்ணு காய்ச்சா அவனுக்குப் பத்து காய்க்கும். அதுக்கு எனக்கு ஒண்ணுமே காய்க்காம இருக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவன் நகத்தையோ கோடையையோ நினைக்கவில்லை. மூன்றாம் பந்தியை நினைத்தான்.

நல்லான் போனான். தன் பெண்டாட்டிக்கு மசக்கை என்றும், பரங்கிப் பூவை வதக்கித் தின்ன ஆசைப்படுகிறாள் என்றும் முள்ளாண்டியிடம் சொன்னான். பெண்ணைப் பெற்றவன் என்பதால் முள்ளாண்டிக்கு மனசு இளகியது. வேண்டியதைப் பறித்துக்கொள் என்று விட்டான். ஆனால் இரவெல்லாம் சுற்றிய நரி, விடிந்ததும் தூங்கி, உச்சி வெயிலில் எழுந்துதான் போயிருந்தான். அவன் கொண்டு வந்து கொட்டிய பூக்கள் நனைந்த கந்தல் போலச் சுருங்கிக் கிடந்தன.

சடையன் விடவில்லை. மூடிக்கிடந்த பெண்பூவைப் பிரித்து, சுருங்கிய ஆண்பூவைத் திணித்துத் தேய்த்தான். பெண்பூவின் கழுத்து ஒடிந்தது. இன்னொன்றில் கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தான். அது ஒடியவில்லை, ஆனால் அந்தப் பிஞ்சும் மஞ்சளித்து விழுந்தது. மிச்சப் பூக்களை ஆத்திரத்தில் வேலியோரம் விசிறி எறிந்தான். நல்லானைத் திட்டலாம் என்று பார்த்தால் அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது கொடியில் கடைசி மொட்டுகள். ஒரு சாயங்காலம் அவற்றின் நுனியில் மஞ்சள் தெரிந்தது. விடிந்தால் மலர்ந்துவிடும். சடையன் அன்று குகைக்குப் போகவில்லை, கொடிப் பக்கத்திலேயே படுத்தான்.

கிழக்கு வெளுத்ததும் ஒரு கட்டு இலந்தை முள்ளை நகர்த்தி வேலிக்கு அந்தப் பக்கம் நுழைந்தான். முள் தோளில் கீறியது. முள்ளாண்டியின் ஆண்பூக்கள் பனியோடு மலர்ந்திருந்தன. கரடிக்கு உதடு நீளம். ஒரு பூவைக் காம்போடு உதட்டால் பற்றிக் கிள்ளி எடுத்தான். திரும்பினான். வேலிச் சந்தில் முள்ளாண்டி நின்றிருந்தான். இரை தேடிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிற வழக்கம் அவனுக்கு.

"சடையண்ணனா? வாயில என்ன பூ?"

வாயில் பூவை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? சடையன் தலையை ஆட்டினான். தூள் மூக்கெல்லாம் உதிர்ந்தது. வேறு வழியில்லாமல் பூவை ஓர் இலை மேல் வைத்தான்.

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"கல்யாணம் முடிஞ்ச நாள்லேருந்து முதுகைக் காட்டிட்டுப் போறவரு, விடியறதுக்குள்ள வேலியைப் பிரிச்சுக்கிட்டுச் சும்மா வந்தீங்களா? பெண்டாட்டிக்கு மசக்கைன்னு நரி வாங்கிட்டுப் போன பூ உங்க வேலியோரம் கெடக்கு. இப்ப உங்களுக்கு மசக்கையா?"

சடையனுக்குச் சுர்ரென்று ஏறியது. வந்த காரியத்தை விட்டுவிட்டுப் பந்தியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை மூணாம் பந்தியில உக்கார வெச்சவன்தானே நீ."

"முதல் பந்தியில நீங்க உக்காந்திருந்தா ரெண்டாம் பந்திக்குச் சோறு இருந்திருக்காதுண்ணே."

"பாயசம்கூட இல்ல."

"எனக்கும்தான் இல்ல. பெண்ணைப் பெத்தவன் நான், அன்னிக்குப் பூரா பச்சைத்தண்ணிதான் குடிச்சேன். யார்கிட்ட போய்க் கோவிச்சுக்கறது?"

சடையன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நம்ப மனசு வரவில்லை. சரி, வழி விடு என்று உறுமினான். முள்ளாண்டி திரும்பி நின்று முதுகு முள்ளை எல்லாம் சிலுப்பினான். காரணத்தைச் சொன்னால் பூவை எடுத்துக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் பூ இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டான். உடம்பில் பெரியவன் கரடிதான். ஆனால் அந்த முள்ளில் மூக்கை வைக்கிற கரடி எந்தக் காட்டிலும் இல்லை.

மலை உச்சியில் வெயில் பட்டது.

வேலி வழியாகப் பார்த்தால் சடையனின் சொந்தக் கொடி தெரிந்தது. பெண்பூக்கள் வாயைத் திறந்து நின்றன. சொல்லிவிடலாமா? சொன்னால் இவன் தோட்டமெல்லாம் காய் கிடக்கும். இவன் மகளும் மருமகனும் வந்து பரங்கிக்காய்க் கூட்டு வைத்துத் தின்பார்கள். தான் அதை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்க வேண்டும்.

"மருந்துக்கு" என்றான் சடையன்.

"எந்த நோய்க்கு?"

வெயில் மரத்தலைகளுக்கு இறங்கியது. ஒரு பெண்பூவின் இதழ் ஓரம் லேசாக உள்பக்கம் மடங்கியது போல இருந்தது. உண்மையில் மடங்கியதா, தனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று சடையனுக்குப் புரியவில்லை. குனிந்து தன் முன்னங்காலைப் பார்த்தான். நகம் இருந்த இடத்தில் மழுங்கிய கட்டைகள் இருந்தன.

"பெண்பூவுல தேய்க்கணும்" என்றான்.

முதல் வார்த்தைதான் கஷ்டமாக இருந்தது. மீதி தானாக வந்தது. "தேனீ செய்யற வேலையை நாமதான் செய்யணும். பிஞ்சு இல்லாத பூவுல இருக்கற தூளை, பிஞ்சு இருக்கற பூவோட நடுவுல தடவணும். அப்பத்தான் பிஞ்சு நிக்கும். வெயில் ஏறினா பூ மூடிக்கும். எனக்கு நகம் போச்சு முள்ளாண்டி. காய் இல்லன்னா இந்தக் கோடையை நான் தாண்ட மாட்டேன். ஒரு பூ குடு."

முள்ளாண்டியின் முள் மெல்லப் படிந்தது. தன் பிஞ்சுகள் விழுந்ததும் இதனால்தானா என்று கேட்டான். ஆமாம் என்றான் சடையன்.

"தேனீ ஏன் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

அதற்கு மேல் முள்ளாண்டி கேட்கவில்லை. முள்ளாண்டி கொடிக்குப் போய் நல்ல பூவாக ஒன்றைக் காம்போடு கடித்துக் கொண்டு வந்தான்.

"அந்தப் பூவுல இருந்த தூள் பாதி உங்க மூக்குல இருக்கு. இதை எடுத்துட்டு ஓடுங்க."

சடையன் ஓடினான். வயதான கரடி ஓடுகிற ஓட்டத்தில் முள் குத்தியதுகூடத் தெரியவில்லை. பல்லால் இதழ்களைக் கிழித்துத் துப்பினான். தண்டை உதட்டில் பிடித்து, இந்த முறை ஒடித்துவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினான். ஒரு பூ, அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பூவுக்கு வரும்போது இதழ்கள் நிஜமாகவே மடங்கிக்கொண்டிருந்தன. உதட்டை உள்ளே விட்டுத் தடவிவிட்டு வெளியே எடுத்தான். பூ மூடிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளாண்டியும் இலைகளை விலக்கிப் பூப்பூவாகத் தடவிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

சடையனின் பிஞ்சுகளில் ஒன்று விழுந்தது. மற்றவை நின்றன. பச்சையாக உருண்டு திரண்டு, மாசி முடிவதற்குள் அவனால் ஒரே தூக்கில் தூக்க முடியாத காய்களாக முற்றின. ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய்க் குகைக்குள் வைத்தான். முள்ளாண்டியின் தோட்டத்தில் காய் குவிந்து கிடந்தது. மகளும் மருமகனும் வந்தார்கள். கூட்டு வாசனை வேலி தாண்டி வந்தது. அவன் பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது.

அதற்காக இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. வேலியில் பார்த்தால் தலையை அசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சித்திரை வந்தது. புற்றுகள் கல்லாக இறுகின. ஓடை காய்ந்தது. சடையன் குகை வாசலில் உட்கார்ந்து ஒரு பரங்கிக்காயைப் பிளந்து தின்றான். முள்ளாண்டியின் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. ஆனால் எரிந்த வயிறு நிறைந்தும் இருந்தது.

மனக்குறையை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப் போகாது. பூ மலர்ந்திருப்பது ஒரு காலைப் பொழுதுதான், கேட்க வேண்டியதை அதற்குள் கேட்டுவிட வேண்டும்.