போதிராஜின் மெத்தையில் எறும்பு

சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி. வேலைப் பளுவில் ஆளுக்கு ஆள் எரிந்து விழுகிறார்களே என்று, புத்தர் வழியில் மனசைப் பழக்கப் போதிராஜ் என்பவரை வரவழைத்தார் மேனேஜர். மூன்று நாளாக அவருக்கு வெறும் தண்ணீர்தானாம். அதைப் பார்த்து ஊழியர்கள் நாற்பது பேரும் சோற்றை விட்டுவிட்டுச் சுருண்டு கிடந்தார்கள்.

மூன்றாம் நாள் சாரை சாரையாக எறும்பு வந்து, போதிராஜ் உட்கார்ந்து போதிக்கும் மெத்தைமேல் ஏறியது. கூட்டிப் பெருக்கும் அஞ்சலை விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"நில்லும்மா! ஒரு உயிர்கூடச் சாகக் கூடாது. கருணை வேணும். ஆனா அஞ்சு நிமிஷத்துல எறும்பெல்லாம் தானா வெளியே போகணும். முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" என்றார் போதிராஜ். மேனேஜரும் தலையாட்டினார்.

அஞ்சலை விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "துன்பத்துக்குக் காரணம் ஆசைன்னு காலையில சொன்னீங்களே சாமி?"

"ஆமாம். அதுதான் ஞானம்."

"அப்போ கொஞ்சம் எழுந்திருங்க."

"எதுக்கு?"

"எறும்புக்கு என்ன ஆசைன்னு பார்க்கத்தான்."

போதிராஜ் கண்ணை மூடித் தியானத்தில் இறங்கிவிட்டார். அஞ்சலை விடுவாளா? மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் ஒரு கிலோ மைசூர்பாகு டப்பா, முக்கால்வாசி காலி.

டப்பாவை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். எறும்புகள் மெத்தையை விட்டு அந்தப் பக்கம் திரும்பின.

நாற்பது பேரும் மெல்ல எழுந்து நின்றார்கள்.

அஞ்சலை போதிராஜின் காதருகே குனிந்தாள். "எறும்பு ஒண்ணும் சாகல சாமி. பின்வாசல் திறந்துதான் இருக்கு, ஓடிடுங்க. கருணையிலதான் சொல்றேன்."