கண்ணாடிப் பெட்டிக்குள் கிலுகிலுப்பை

ஐம்பது வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டில் கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மண் கிலுகிலுப்பைதான். ஆனால் கூழாங்கல் உருளும் கரகரப்பு அதில் இல்லை, மெல்லிய கிணுகிணுப்பு. அந்த வீட்டு விருத்தாம்பாளின் கணவர் சைக்கிள் கடைக்காரர். மகள் செங்கமலத்துக்காகக் குயவரிடம் சைக்கிள் சக்கரத்துக்குள் உருளும் மூன்று பால்ரஸ் குண்டுகளைக் கொடுத்து, உள்ளே வைத்துச் சுடச் சொன்னார். பிறந்த பத்தாம் மாதம் குழந்தை இறந்தது. சத்தமும் நின்றது.

போன தை மாதம் விருத்தாம்பாளும் நானும் தொல்லியல் அருங்காட்சியகம் பார்க்கப் போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பானை, பானைக்குள் சின்னஞ்சிறு எலும்புகள், பக்கத்தில் கிலுகிலுப்பை. 'குழந்தை, ஈராயிரம் ஆண்டுப் பழமை' என்றது அட்டை. கீழே எங்கள் ஊர்ப் பெயர்.

"எந்தத் தாய் பெத்ததோ, பாவம்" என்றேன்.

"நான் பெத்தது, டீச்சர்" என்றாள் விருத்தாம்பாள்.

காப்பாட்சியர் நசீர் வந்தார். "அம்மா, இது ரெண்டாயிரம் வருஷத்துப் பானை."

"பானை பழசுதான் சார். புள்ளையைப் பொதைக்க ஊர் மேட்டுல குழி வெட்டறப்போ கெடைச்சுது. அதுலதான் வச்சுப் பொதைச்சோம். புள்ளைக்கு ஏது ரெண்டாயிரம்? எனக்கே எழுவத்திரண்டுதான் ஆவுது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் திறந்து கிலுகிலுப்பையை எடுத்தார். அதே கிணுகிணுப்பு. ஆனால் ஒரு கிழவியின் காதை எந்த அலுவலகம் சாட்சியாக ஏற்கும்?

"எலும்பில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கலாம். இல்லை, இதை உடைத்துப் பார்க்கலாம். குண்டு இருந்தால் குழந்தையை உங்களிடமே தருகிறோம்" என்றார்.

"எம்புள்ளை மேல கை வைக்கக் கூடாது. அவ வெளையாடினது இது ஒண்ணுதான். இதையும் உடைக்கக் கூடாது."

நிரூபிக்காவிட்டால் குழந்தை பெட்டியிலேயே கிடக்கும். நிரூபிக்கப்போனால் ஒன்று அழியும். இதில் யார் சொன்னது சரி? எதையும் சிதைக்காமல் உண்மையை அறிய வழி உண்டா?

விடை: தாய் சொன்னதே சரி. கூழாங்கல்லைக் காந்தம் இழுக்காது. பால்ரஸ் குண்டு இரும்பு. நசீர் தம் மேசையிலிருந்த குண்டூசி டப்பாவின் காந்தத்தைக் கிலுகிலுப்பையின் அடியில் மெல்ல நகர்த்தினார். அது போன பக்கமெல்லாம் உள்ளே 'கிணுக், கிணுக்' என்று தொடர்ந்தது. பானை அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. செங்கமலத்தை மாசியில் அவள் அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.