கடுகி தாண்டிய ஓர் இடம்

எறும்புகளுக்குப் பேச்சும் இருந்தது, கணக்கும் இருந்தது அந்தக் காலத்தில். எழுதப் பலகை ஏது? மணலில் தாங்களே வளைந்தும் நெளிந்தும் எண்களாக நிற்பார்கள். ஓர் ஐந்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். புள்ளிக்கு ஒரே ஓர் ஆள் போதும். விடையில் புள்ளியாக நிற்பவள் கடுகி.

"ஒத்தையா நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று தோழிகள் சிரிப்பார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அவர்களுக்கு யார் சொல்வது!

ஓர் ஐப்பசியில் மேகம் திரண்டு வந்தது. முட்டை அறையில் ஈரம் ஏறியது. தரையில் இலை பரப்பாவிட்டால் அத்தனை முட்டையும் அழுகிப்போகும். இலையோ வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தது. போய்வர ஒரே ஒரு குச்சிப் பாலம். இலையை ஒரே அளவுச் சதுரத் துண்டாகக் கடித்தெடுப்பது அவர்கள் வழக்கம். அந்தத் துண்டை வைத்து அளந்ததில் அறையின் நீளம் இரண்டரை, அகலம் ஒன்றரை.

எண்களை நிறுத்தும் கூராயி குரல் கொடுத்தாள். மேலே 2.5 நின்றது, கீழே 1.5 நின்றது. பெருக்கினார்கள். 375 வந்தது. கூட்டல் கணக்கில் மேல் புள்ளிகளுக்கு நேர் கீழே நின்றே பழகியவள் கடுகி. அதே பழக்கத்தில் ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

"முப்பத்தேழரைத் துண்டு! எல்லாரும் பாலத்துக்குக் கிளம்புங்க!" என்று கூவினாள் கூராயி.

கடுகிக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றுக்கு இரண்டு அறையாக இருந்தாலே ஆறு துண்டு போதுமே, இது அதைவிடச் சின்ன அறையாயிற்றே! முப்பத்தேழுக்கு அலைந்தால் அதற்குள் வாய்க்கால் பெருகிவிடும். போனவர்களும் மிஞ்சமாட்டார்கள், முட்டையும் மிஞ்சாது. நின்ற புள்ளி அசையக் கூடாது என்பது புற்றின் சட்டம். கடுகி அசைந்தாள்.

"ஏய், நின்ன இடத்துல நிக்காம எங்கடி போற?" என்று அதட்டினாள் கூராயி.

"தப்பான இடத்துல நிக்கிறேன்க்கா. ஒரு துண்டைப் பத்தாக் கிழிச்சு, அதுல ஒண்ணை இன்னும் பத்தாக் கிழிச்சா என்னக்கா வரும்?"

"நூத்துல ஒண்ணு."

"அப்ப நீளத்துல புள்ளிக்குப் பின்னால ஒரு இடம், அகலத்துல ஒரு இடம். ரெண்டையும் சேத்துல்ல எண்ணணும்?"

கடைசியில் நின்ற ஐந்தின் தலையைத் தொட்டாள். "ஒண்ணு." ஏழின் தலையைத் தொட்டாள். "ரெண்டு." மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றாள். 3.75.

கூராயி பாலத்துக்குக் கிளம்பியவர்களை ஓடிப்போய் மறித்தாள். "நாலு துண்டு போதும்! காலு நல்லா ஓடுறவங்க மட்டும் போங்க!"

நாலாவது துண்டு இக்கரை சேர்ந்ததும் குச்சிப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிற்று. அறை முழுக்கப் பரப்பியதும் ஒரு துண்டில் கால்வாசிதான் மிச்சம். ஒரு முட்டைகூட நனையவில்லை. கூராயி கடுகியைத் தலையில் தூக்கிக்கொண்டு புற்று முழுக்கச் சுற்றி வந்தாள். "எங்க புள்ளிடீ இவ!" என்றாள். கேலி செய்த தோழிகள்தான் முதலில் கூத்தாடினார்கள். கடுகிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மழைநாளிலிருந்துதான் எறும்புகள் எதிரே வருபவரின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் போகின்றன. நாமும் புள்ளியை மறந்து பெருக்கிவிட்டு, கடைசியில் வலப்பக்கமிருந்து இடங்களை எண்ணி, கடுகி நின்ற இடத்தில் அவளை நிறுத்துகிறோம்.