பிரீட் கேட்ட கனவு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஐரிஷ் மொழிவழிப் பள்ளி ஒன்று இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் அங்கே காலடி வைத்த நாள் முதல் ஐரிஷ் மட்டுமே கேட்பார்கள். அதன் தொடக்க வகுப்பை ஆராய, திருநெல்வேலியிலிருந்து ஓராண்டு வருகைதரு ஆய்வாளராகச் சென்றார் பேராசிரியர் மங்கையர்க்கரசி. தம் ஆறு வயது மகள் இமையாளையும் அதே வகுப்பில் சேர்த்தார்.

வகுப்பாசிரியை பிரீட்டுக்கு வயது முப்பத்தொன்று. தம் அறைக்குள் வருபவர் எவராயினும் மாணவரே என்பது அவருடைய விதி. ஆகவே நாற்பத்தேழு வயதுப் பேராசிரியரும் முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டி நாற்காலியில் அமர்ந்து, ஏழு மாதம் ஐரிஷ் கற்றார்; குறிப்பும் எடுத்தார்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. இமையாள் பிரீட்டின் அருகில் நின்று, தணிந்த குரலில், உடைந்த ஐரிஷில், எதையோ நீளமாகச் சொன்னாள். கைகளை அகல விரித்தாள். பிரீட் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்த தாயின் காதில் இரண்டு சொற்களே விழுந்தன: கனவு, அப்பா.

இமையாளின் அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் வீட்டில் அவரைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. (இந்தக் கதையை, கனவில் வந்தவர் தாத்தா என்று சொல்லும் வடிவமும் உண்டு. எனக்குச் சொன்ன மூவரில் இருவர் அப்பா என்றே சொன்னார்கள்.)

வீட்டில் தமிழ் மட்டும் என்பது மங்கையர்க்கரசி வகுத்த விதி. மகள் வாயில் கலந்து வரும் வேற்றுச் சொல் ஒவ்வொன்றையும் ஆய்வுக்காகக் குறித்துவைப்பார்.

அன்று மாலை கேட்டார்: "டீச்சர்கிட்ட என்னம்மா சொன்ன?"

"அது வந்து... ட்ரீம்ல—"

"கனவுல."

"கனவுல அப்பா வந்து, அந்த போட்—"

"படகு. முதல்ல இருந்து சொல்லு." பேனா ஓடியது.

"பசிக்குதும்மா," என்றாள் இமையாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் பேராசிரியர் பிரீட்டிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். மகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்ளும் கடிதம்.

பிரீட் படித்தார். "தாய்மொழித் திறன் குன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியது ஆய்வாளரா?"

"தாய்."

"தாய் எழுதும் கடிதத்தில் இத்தனை அடிக்குறிப்பு இருக்காதே."

மங்கையர்க்கரசியின் முகம் கன்றியது. "சரி, பொறாமைதான். ஆறு வருடம் சோறூட்டியவள் நான். ஏழு மாதம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அவள் தன் அப்பாவைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கிறாள். அதற்கு நீங்கள் கையாளும் முறை என்ன? என் ஆய்வுக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள்."

"உட்காருங்கள். இப்போது சொன்னதை ஐரிஷில் சொல்லுங்கள்."

"என் ஐரிஷைக் கேட்டுக் குழந்தைகளே சிரிக்கிறார்கள்."

"அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்."

மங்கையர்க்கரசி தொடங்கினார். முதல் வாக்கியம் முடியுமுன் பிரீட், "தவறு. திரும்ப," என்றார்.

திரும்பச் சொன்னார்.

"உச்சரிப்பு. திரும்ப." பிரீட் பென்சிலை எடுத்து எதையோ குறித்தார்.

திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டே போய், கணவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையைச் சொல்ல வந்தார் மங்கையர்க்கரசி. பென்சில் மீண்டும் அசைந்தது.

அவர் எழுந்துவிட்டார். "நான் என் கணவரைப் பற்றிப் பேசுகிறேன். நீங்கள் பிழை பொறுக்குகிறீர்களா?"

பிரீட் பென்சிலை மங்கையர்க்கரசியின் குறிப்பேட்டின் மேல் வைத்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மங்கையர்க்கரசி போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. ஆனால் பொறாமை இறங்கவில்லை.

"அந்தக் கனவை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் சொன்னபடியே."

"மாட்டேன்."

"நான் அவள் அம்மா."

"தெரியும்."

"உங்களிடம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளே! இனி எனக்கென்று என்ன மிச்சம்?"

பிரீட் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"எனக்குச் சொன்னது ஐரிஷில். தமிழில் அந்தக் கனவை அவள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை."