வேகத்தடை போட்ட கேபிள்

பழைய கணினியின் முதுகில் ஒன்பது ஊசிகளோடு இருக்கும் சீரியல் போர்ட், வினாடிக்கு 9,600 பிட்டுக்கு மேல் அனுப்பாது என்று பாமரர் நம்புகிறார்கள். 1,15,200 வரை போகும் என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். இரு சாரார் நம்புவதும் தவறு என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். உறையூரில் என் பக்கத்து வீட்டு ஞானசிகாமணி அந்த வரம்பைத் தாண்டியவர். அவரே சொன்னார்.

சொல்ல வேண்டிய கட்டாயம் அன்று அவருக்கு. வாஷிங் மெஷினுக்கு இடம் வேண்டும் என்று அவர் மனைவி செண்பகம் பழைய இரும்புக்காரர் சிக்கந்தரை வரவழைத்திருந்தார். சிக்கந்தர் கணினியின் மேல் கை வைத்துவிட்டார்.

"பாய், கொஞ்சம் பொறுங்க. இது சாதாரணப் பொட்டி இல்ல. எதிர்வீட்டுல என் சகலை கம்ப்யூட்டர் வரைக்கும் இந்தக் கேபிளைத்தான் இழுத்திருந்தேன். உள்ள இருந்த சிப்பை மாத்தி வேகத்தைக் கூட்டினேனா, கேபிள் வளையுற இடத்துல எழுத்தெல்லாம் திரும்ப முடியாம சுவத்துல மோதிடுச்சு. கொம்பும் காலும் ஒடிஞ்சு விழுந்தது. புள்ளியை மட்டும் ஒரு முறம் அள்ளினேன்."

"கடுகுன்னு நெனச்சு நான் தாளிச்சிருப்பேன்," என்றார் செண்பகம்.

"அன்னிக்குத்தான் ரசம் நல்லா இருந்துச்சு. இன்னும் கூட்டினேன் பாய். நான் கடிதம் எழுதறதுக்கு முன்னாடியே சகலைகிட்டேருந்து பதில் வந்துடுச்சு. 'உங்கள் கோபமான கடிதம் கிடைத்தது, மனம் உடைந்துவிட்டது'ன்னு. எனக்கு அவர் மேல கோபமே கிடையாது. பதில் வந்தப்புறம் என்ன பண்றது? உக்காந்து, கோபப்பட்டு, எழுதினேன்."

"அதான் அவரு உங்ககூடப் பேசறதில்லையா சார்?" என்றார் சிக்கந்தர்.

"அதேதான்."

"அப்ப நாளைக்கு இரும்பு என்ன விலை விக்கும்னு இப்பவே இதுல கேட்டுச் சொல்லுங்களேன்."

"இப்ப முடியாது. பயந்துபோய்க் கேபிள்ல முடிச்சுப் போட்டுட்டேன், வேகத்தடை மாதிரி. அதை அவுத்தா இந்த வீடே எதிர்வீட்டுக்குள்ள போய் நிக்கும்."

சிக்கந்தர் குனிந்து பார்த்தார். கேபிளில் முடிச்சு இருந்தது.

"இவ்வளவு வேகமான சாமானுக்கு, இந்த ரூமை விட்டு வெளிய போக மட்டும் இருபது வருஷமாங்க?" என்றார் செண்பகம்.

ஞானசிகாமணி குனிந்து முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

சிக்கந்தர் கணினியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். கேபிளை முடிச்சோடு சுருட்டி வைத்தார். மற்ற சாமான்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கயிறு கட்டினார். கணினிக்குத் தனியாக இரண்டு.