இலையாகிப் போன பூச்சி

கொஞ்சம் காதைக் கொடுங்கள். கதை முடியும்போது மூளையும் வேண்டியிருக்கும்.

பூம்பொழில் நாட்டு அரசன் மதிசேகரனுக்குப் பூச்சி என்றாலே உடம்பு கூசும். அவன் பாட்டனார் போட்ட கட்டளை ஒன்று அங்கே உண்டு: விடிந்ததும் நந்தவனத்துச் செடிகளையெல்லாம் பார்த்து, பூச்சிகளைப் பானையில் பிடித்துக் கோழிகளுக்குப் போட வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலும் தோட்டக்காரருக்கு நாடுகடத்தல். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்துவந்த குடும்பத்தில் இப்போது மருதாயியின் முறை. கழுகுக் கண்ணுக்காரி.

ஒருநாள் அரசன் கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்தான். அதில் ஓர் இலை நடந்தது!

"ஐயோ!" என்று அலறியவன் அடுத்த நொடியே குனிந்து பார்த்தான். பச்சை உடம்பு. நடுவே நரம்பு. ஓரத்தில் புழு அரித்தாற்போல் பழுப்பு. காற்றடித்தால் இலையோடு இலையாக ஆடியது. பூச்சிக்கு அஞ்சுகிற மனிதன் சொக்கிப்போய், கிளையோடு அதைச் சபைக்குக் கொண்டுவந்தான்.

"இந்த அற்புதத்தை உண்டாக்கியவர் யார்? அவருக்கு என் முத்துமாலை!" என்று முழங்கினான். பிறகுதான் உறைத்தது. "அதுசரி, என் தோட்டத்தில் பூச்சி எப்படி? கூப்பிடு மருதாயியை!"

மருதாயி ஓடிவந்து நின்றாள். நாடுகடத்திவிட்டால் கைக்குழந்தையோடு எந்த ஊருக்குப் போவாள்?

அவள் முகத்தைக் கண்ட அரண்மனைப் பண்டிதர் சிற்றம்பலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "அரசே, இது படைத்தவன் கைவேலை. இன்று விடியலில், இதே உருவில், முழுசாக இறக்கிவிட்டிருக்கிறான். நேற்று இல்லாததை இவள் எப்படிப் பிடிப்பாள்? மாலையைக் கோயிலுக்குக் கொடுங்கள். இவளை வீட்டுக்கு அனுப்புங்கள்."

தப்பித்தாள்! தலையாட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே? ஆனால் கிளை கண்ணெதிரே இருந்தது. அடடா, என்ன அழகு! மருதாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமி, உங்க நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனா இது இன்னைக்கு வந்ததில்லை. எங்க தாத்தா காலத்துல இதோட முன்னோரெல்லாம் செவப்பாம். ஒரே தாயோட குஞ்சுல ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் லேசாப் பச்சை ஓடியிருக்கும். செவப்பு எங்க கண்ணுல பட்டுச்சு, கோழிக்குப் போச்சு. பச்சை தப்பிச்சு முட்டை போட்டுச்சு. அந்தக் குஞ்சுகள்லயும் இலை மாதிரி இருந்ததுதான் பிழைச்சுது. இப்படியே போயி இலையாவே ஆயிடுச்சு."

"அடி பைத்தியமே, உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னேன்!" என்று பண்டிதர் பல்லுக்குள் முனகினார்.

அரசன் தலையில் கைவைத்தான். "உண்டாக்கியவளும் நீ, விட்டுவைத்தவளும் நீ! உனக்கு மாலை போடுவதா, மூட்டை கட்டச் சொல்வதா?"

நீங்களே சொல்லுங்கள்: பூச்சியை இலையாக்கியது யார்? மருதாயிக்கு உரியது மாலையா, நாடுகடத்தலா?

விடை: மருதாயி குடும்பம் எதையும் படைக்கவில்லை, சல்லடைபோல் சலித்தெடுத்தது. குஞ்சுக்குக் குஞ்சு வேற்றுமை தானாகப் பிறந்தது. அவர்கள் கண்ணுக்குத் தப்பியது நிலைத்தது. முதல் பூச்சிக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்பது பண்டிதர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கு அந்தச் சபையில் யாரிடமும் விடை இல்லை. ஆனால் நாடுகடத்தல் மட்டும் நியாயமில்லை. சோம்பேறிகள் காவல் இருந்திருந்தால் சிவப்புப் பூச்சியும் சுகமாகப் பிழைத்திருக்கும். இந்த வேஷமே பிறந்திருக்காது. அந்தப் பச்சைதான் அவர்கள் உழைப்புக்குச் சாட்சி. அரசன் ஒப்புக்கொண்டு மாலையைக் கழற்றினான். போடுமுன் பூச்சியை இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பினான். கிளை இருந்தது, பூச்சியைக் காணோம். சபையே குனிந்து தேடியது. மருதாயிதான் முதலில் சிரித்தாள்.